தோளுக்கு அடியில் கை

நான் நாடகம் பார்க்கப் போகவில்லை. நாடகம் முடிவதைப் பார்க்கப் போனேன். இதைச் சொன்னால் இவருக்குக் கோபம் வரும், வரட்டும். மூன்று மாதமாக இந்த வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நாடகம் முடியட்டும்." குழாய் ஒழுகுகிறது என்றால் நாடகம் முடியட்டும். மகளுக்கு ஒரு போன் போடுங்கள் என்றால் நாடகம் முடியட்டும். அத்தையை ராத்திரியில் இரண்டு தடவை, இரண்டே தடவை, நீங்கள் திருப்பிப் படுக்கவையுங்கள் என்றாலும் அதே பதில். குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்தேன், மகளுக்கு நானே பேசிக்கொண்டேன். மூன்றாவதற்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

அத்தை என்றால் என் மாமியார். படுக்கையில் விழுந்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. பக்கவாதம். இடது கையும் இடது காலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பேச்சு கொஞ்சம் குழறும், புத்தியில் ஒரு குறையும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஆரம்பத்தில் பத்து நாள் ஒரு பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்தாள். உணர்வில்லாத கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு கழன்றுவிடும். முழங்காலை மடக்கிக்கொண்டு, தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்து நம் பக்கமாக உருட்ட வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. அவ்வளவுதான் வித்தை. இவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது, கை நடுங்குது" என்றார்.

இவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். எள்ளளவு இருக்கும் ஸ்குரூவை இடுக்கியில் எடுத்து, மூக்குக் கண்ணாடியின் காதில் இருக்கும் ஓட்டையில் வைத்து முடுக்குவார். இருபத்தாறு வருடமாக அந்தக் கை நடுங்கியதாக எந்த வாடிக்கைக்காரரும் வந்து சொன்னதில்லை.

பகலில் நான் வேலைக்குப் போனால் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்வார். தன் தையல் மெஷினையே தூக்கிவந்து அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்ட புண்ணியவதி. மாலையில் நான் வந்ததிலிருந்து மறுநாள் கிளம்பும்வரை எல்லாம் என் தலையில். ஏழு, ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து. அலாரம் வைத்த காலமெல்லாம் போய்விட்டது. மணி அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது கண் தானாகத் திறந்துகொள்ளும். எழுந்து போய்த் திருப்புவேன், வந்து விழுவேன். தூங்கினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.

எனக்கு லாண்டரியில் வேலை. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பும் பெரிய லாண்டரி. நான் நிற்பது ரோலர் மெஷினில். ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து, கொதிக்கிற உருளைக்கு அடியில் நேராகக் கொடுக்க வேண்டும். போன மாதம் ஒரு நாள் நான் நின்றபடியே தூங்கிவிட்டேன். துணி உள்ளே போகிறது, துணியோடு என் கையும் போகிறது. எதிரில் நின்றவள் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடித்ததால் மேலே போட்டிருந்த கோட்டின் கையும் இரண்டு விரல் நுனியும்தான் மாட்டின. விரல் பொரிந்துபோயிற்று. சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை மெஷின்ல நிக்க விட மாட்டேம்மா. வேற இடமும் எங்கிட்ட இல்ல, வீட்டுக்குத்தான் அனுப்பணும். நல்லாத் தூங்குங்க" என்றார்.

நல்லாத் தூங்குங்க. ஏதோ தூக்கம் வாசலில் வந்து நிற்கிற மாதிரியும் நான்தான் கதவைத் திறக்காத மாதிரியும்.

அன்று சாயங்காலமே இவரிடம் கட்டுப் போட்ட விரலைக் காட்டினேன். "ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் மட்டும் நீங்க பாருங்க. பதினொண்ணுக்கு நான் திருப்பிட்டுப் படுத்தா அஞ்சு வரைக்கும் ஆறு மணி நேரம் கிடைக்கும். அது போதும் எனக்கு" என்றேன். இவர் கட்டைப் பிரித்து மருந்து தடவிவிட்டார். நன்றாகத்தான் தடவினார், குறை சொல்ல மாட்டேன். புதுக் கட்டும் போட்டுவிட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: "நாடகம் முடியட்டும்."

இவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார். ஸ்பூனால் ஊட்டுவார், தலை வாரிவிடுவார், ஊர்க்கதை சொல்லிச் சிரிக்கவைப்பார். ஆனால் நான் அத்தையின் போர்வை ஓரத்தைத் தொட்டால் போதும், ஆள் அறைக்கு வெளியே நடையில் இருப்பார். அவ்வளவு வேகமாக அவர் பஸ்ஸைக்கூடப் பிடித்ததில்லை.

நாடகத்தை நடத்துகிறவர் எங்கள் தெருவில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் மாஸ்டர். நடிக்கிறவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள். கதை என்னவென்று கேட்டேன். படுத்த படுக்கையாக இருக்கும் தாயைக் கவனித்துக்கொள்ளும் மகனின் கதையாம். மகன் யார்? இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. இவர் வசன நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். மேடைக்கு என்ன சாமான் வேண்டுமானாலும் அவரவர் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். "வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவன் வண்டி கொண்டுவர வேணாம். நாடகத்துக்கு வர்றவன் நாற்காலியோட வரணும்" என்பார் மாஸ்டர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் அத்தையின் பூப்போட்ட விரிப்பைக் காணோம், நான் உடம்பு துடைக்கத் தண்ணீர் எடுக்கும் நீல பேசினைக் காணோம், மருந்து ஸ்டூலைக் காணோம், இரண்டு தலையணையையும் காணோம். இரண்டு நாளாகப் பழைய புடவையைச் சுருட்டித்தான் அத்தைக்கு முட்டுக் கொடுத்தேன். நோயாளி இருக்கும் வீட்டிலிருந்து சாமானைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் நோயாளிக்குப் போட்டால் என்ன சொல்வது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு நாடகம். ஐந்தரைக்குள் முடிந்துவிடும் என்றார்கள். விடுமுறை நாளாக இருந்தும் தையல்காரம்மா வந்தார். மூன்று மணிக்கு நானே திருப்பிப் படுக்கவைத்துவிட்டுக் கிளம்பினேன். அத்தை என் புடவையைப் பார்த்தார்.

"போயிட்டு வா அம்மாடி. அவன் சின்னதுல இருந்தே நல்லா நடிப்பான். வயித்து வலின்னு சொல்லி ஒரு வருஷம் கணக்குப் பரீட்சையே எழுதல" என்றார்.

எனக்கு இதுதான் முதல் மேடை நாடகம். டிவியில் வருகிறதே அதைத்தான் நாடகம் என்று நினைத்திருந்தவள் நான். ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில் போட்டிருந்தார்கள். வரிசை வரிசையாக மடக்கு நாற்காலி, நல்ல மெத்தை வைத்தது. நான்காவது வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார் இவர். உட்கார்ந்ததும் முதுகு உள்ளே போயிற்று. என் படுக்கையில்கூட அவ்வளவு மெத்தை கிடையாது. பக்கத்தில் மடியில் பெரிய கைப்பையோடு ஒரு அம்மாள். "உங்க வீட்டுக்காரரும் நடிக்கிறாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "குடுத்து வச்சவங்க" என்றார். நான் பேச்சை அதோடு விட்டேன்.

மூன்றரை என்றால் மூன்றரைக்கா ஆரம்பிப்பார்கள். நாலு மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாடகம் தொடங்குவதற்கான மூன்றாவது மணி அடித்தது. விளக்கெல்லாம் அணைந்தது. இருநூறு பேர் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். அப்படி ஒரு அமைதியை நான் கேட்டுப் பல வருடம் ஆகிறது. தண்ணீர் கேட்பார் இல்லை, ரோலர் சத்தம் இல்லை, குழாய் சொட்டும் சத்தம்கூட இல்லை. திரை விலகியது. ஒரு கட்டில், அதில் எங்கள் பூப்போட்ட விரிப்பு. கட்டிலில் மாஸ்டரின் சம்சாரம் நரைமுடி வைத்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருக்கு நாடகம் முழுக்க வசனமே கிடையாது, படுத்திருப்பதுதான் வேஷம். எனக்கு அந்த வேஷத்தைக் கொடுத்திருக்கலாம்.

இவர் நீல பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்து ஸ்டூலில் வைத்தார். "அம்மா, விடிஞ்சிருச்சு" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, கனமாக, நிதானமாக. நன்றாகத்தான் பேசுகிறார் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் ஞாபகம் இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். மூன்று மாத உழைப்பு, நான்காவது வரிசையில் கட்டின பெண்டாட்டி, திரை விலகிப் பத்து நிமிஷத்தில் குறட்டை. குறட்டை விட்டேனா என்று கைப்பை அம்மாளைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்து மணிக்குக் கண் திறந்தது. கடிகாரம் பார்க்கவில்லை, ஐந்துதான் என்று என் உடம்புக்குத் தெரியும். சுற்றிலும் இருட்டு. எதிரில் மட்டும் விளக்கு. விளக்குக்கு அடியில் கட்டில், பூப்போட்ட விரிப்பு, ஸ்டூலில் நீல பேசின். கட்டிலில் வயதான ஒரு அம்மா. இவர் குனிந்து நிற்கிறார், அந்த அம்மாவின் இடது கையைப் பிடித்து, பக்கம் மாற்ற இழுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"கையப் பிடிச்சு இழுக்காதீங்க. தோளுக்கு அடியில கை குடுங்க."

கத்தவில்லை. வீட்டில் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். ஆனால் குண்டூசி விழுந்தால் கேட்கிற ஹாலில் அது கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. முன்னால் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. கைப்பை அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்தேன். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

மேடையில் இவர் கையைப் பிடித்தபடி நின்றார். இருட்டைப் பார்த்தார். அங்கிருந்து என் முகம் தெரிந்திருக்காது, குரல் தெரியாமல் போகுமா. வசனத்தை மறந்து ஏதாவது உளறப்போகிறார், மூன்று மாதம் என்னால் பாழ் என்று நினைத்தேன். இவர் பிடித்திருந்த கையை மெதுவாக அந்த அம்மாவின் மார்பின் மேல் வைத்தார். முழங்காலை மடக்கினார். அதை நான் சொல்லவில்லை. தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. ஒரே சீராகத் தன் பக்கம் உருட்டினார். முதுகுக்குத் தலையணை வைத்தார், முழங்கால்களுக்கு நடுவில் வைத்தார். அப்புறம் குனிந்து, இடுப்புக்குக் கீழே இருக்கும் விரிப்பை உள்ளங்கையால் நீவிச் சுருக்கம் எடுத்தார்.

அந்தச் சுருக்கம் எடுப்பது நானாகக் கண்டுபிடித்தது. சுருக்கத்தின் மேல் படுத்தால் அதுவே அழுத்திப் புண்ணாகிவிடும். பிசியோதெரபி பெண்கூட அதைச் சொல்லித் தரவில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. நடையில் போய் நின்றுகொள்கிற மனுஷன், அங்கே நின்று இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

யாரோ ஒருவர் கை தட்டினார். அப்புறம் ஹாலே தட்டியது. கைப்பை அம்மாள் கைப்பைக்குள் கைக்குட்டை தேடினார். என் வரிசையில் நான் ஒருத்திதான் அழாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடமும் நான்கு மாதமும் வராது வராது என்று சொன்ன கை, இருநூறு பேர் முன்னால் ஒரு பிசகும் இல்லாமல் வருகிறது. என் விரல் வெந்தது இந்த ஒரு காரியத்துக்காகத்தானே. மீதி நாடகம் முழுக்க நான் நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. கடைசியில் அம்மா செத்துப்போனார், மகன் அழுதார், திரை விழுந்தது.

மேடைக்குப் பின்னால் போனேன். மாஸ்டர் என்னைக் கண்டதும் ஓடிவந்தார்.

"நீங்கதானா அது? நான் அப்படியே பதறிட்டேன். ஆனா பாருங்க, அந்த இடம் இத்தனை நாளா செகண்ட் கியர்லயே திணறிட்டிருந்தது. உங்க குரல் வந்ததும் தூக்கிடுச்சு. சீட்ல இருந்து ஒரு குரல்! எனக்கு ஏன் தோணாமப் போச்சு? அடுத்த மாசமே இன்னொரு ஷோ கேக்குறாங்க. நீங்க அதே நாலாவது வரிசை, அதே வசனம், சரிதானே?"

அவர் சம்சாரம் நரைமுடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தோளை நீவிக்கொண்டிருந்தார். "மூணு மாசமா ஒத்திகையில இந்தக் கையத்தான் இழுக்கிறார். எனக்கு வசனமே இல்லையா, வலிக்குதுன்னும் சொல்ல முடியல. இன்னைக்குத்தாம்மா வலிக்கல, நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

இவர் ஒரு மூலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னொரு ஷோவா?"

"மாஸ்டர் கேக்குறார்."

"நான் உங்களைக் கேக்குறேன்."

பஞ்சை வேறு பக்கம் திருப்பி மறுபடியும் அதே கன்னத்தைத் துடைத்தார்.

"நாடகம் முடியட்டும்னு சொன்னீங்க. முடிஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலையில நான் ரோலர் முன்னால போய் நிக்கணும். எனக்கு இந்தக் கை வேணும்ங்க. ஒண்ணு ராத்திரி நீங்க எழுந்திருங்க, இல்லன்னா நான் வேலைய விட்டுடறேன், கை இருக்கும்போதே விட்டுடறேன். இன்னைக்கே சொல்லிடுங்க."

மாஸ்டர், "பேசிட்டு வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று சம்சாரத்தைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. பேசினை மடியில் வைத்து, அதற்குள் விரிப்பையும் தலையணையையும் திணித்துப் பிடித்துக்கொண்டேன். இவர் ஸ்டூலைக் கால்களுக்கு நடுவில் வைத்திருந்தார். காதோரம் பவுடர் போகாமல் இருந்தது. பாதி வழி வந்திருப்போம்.

"வருதே உங்களுக்கு" என்றேன்.

"அது மாஸ்டர் சம்சாரம். கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தாங்க. அம்மா கண்ணைத் திறந்து பாக்கும்."

"பாத்தா என்ன?"

இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆஸ்பத்திரியில முதல் நாள், நீ வீட்டுக்குப் போயிருந்தே. நர்ஸ் வரல. துணி நனைஞ்சு கிடந்தது. நான் மாத்தப் போனேன். அம்மா மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிக்கிச்சு. அன்னைக்கு முழுக்க எங்கிட்டப் பேசவே இல்ல. அதுக்கப்புறம் எனக்குக் கையே போகல."

இது எனக்குத் தெரியாது. தெரியாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இதை எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? கை நடுங்குதுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"எப்படிச் சொல்றது."

"நான் மட்டும் எப்படிச் செஞ்சேன்னு நினைச்சீங்க? எங்கிட்டயும்தான் அத்தை மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னைக்கு ஒன்பது மணிக்கு ரெண்டு பேரும் அழுதோம். பதினொண்ணுக்கு அழுதோம். ஒரு மணிக்கு எனக்குத் தூக்கம் வந்துடுச்சு, அழறதுக்கு நேரமில்ல. அப்படியே பழகிப்போச்சு. உங்களுக்கு ஒரு நாள் கஷ்டமா இருந்தது, நீங்க வெளிய போயிட்டீங்க. எனக்கு வெளிய போக இடம் இருந்துச்சா?"

ஸ்டூலின் ஒரு கால் ஆடியது, இவர் அதைத் திருகிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. தையல்காரம்மா ஐந்து மணிக்குத் திருப்பியதையும் அத்தை சாப்பிட்டதையும் சொல்லிவிட்டுக் கீழே போனார். அத்தை என்னைப் பார்த்தார்.

"எப்படி நடிச்சான்?"

"நல்லா நடிச்சார் அத்தை."

"அழுதியா?"

"தூங்கிட்டேன்."

வாயின் வலது பாதியால் சிரித்தார். அவருக்கு அந்தப் பாதிதான் சிரிக்கும். "நல்லதாப் போச்சு" என்றார்.

நான் முன்னறைக்கு வந்து, கட்டியிருந்த புடவையோடு பாயில் படுத்தேன். அங்கிருந்து பார்த்தால் நிலைப்படி வழியாக அத்தை கட்டிலின் கால்பக்கம் தெரியும். இவர் நடையில் நின்றுகொண்டிருந்தார், வழக்கமாக நிற்கிற இடத்தில். "மணி ஏழாச்சு" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இவர் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் குனிந்து பேசினுக்குள்ளிருந்து தலையணைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அம்மா, பக்கம் மாத்திடறேன்."

"அவ எங்க?"

"இங்கதான் இருக்கா."

"அவ வரட்டும்."

"நானே பண்றேம்மா."

"நீ வேணாம்டா. துணி நனைஞ்சிருக்கு." அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "அவளக் கூப்பிடு."

இவர் கூப்பிடவில்லை. அத்தைதான் கூப்பிட்டார். "அம்மாடி."

என் முழங்கை தானாக ஊன்றிக்கொண்டது. தலை பாயிலிருந்து எழும்பிவிட்டது. அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. பெற்ற பிள்ளை முன்னால் அப்படிக் கிடக்க எனக்கும்தான் மனசு வராது. எழுந்து போனால் ஐந்து நிமிஷ வேலை. போனால் ஒன்பதுக்கும் நான்தான், ஒன்றுக்கும் மூன்றுக்கும் நான்தான், நாளைக்கு ரோலர் முன்னாலும் நான்தான். அதனால் எழுந்திருக்கவும் இல்லை, படுக்கவும் இல்லை, முழங்கையை ஊன்றியபடியே இருந்தேன்.

"அம்மாடி" என்றார் மறுபடியும். இந்தத் தடவை அழுகை கலந்திருந்தது.

இவர் திரும்பி நிலைப்படி வழியாக என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கண் நன்றாகத் திறந்திருந்தது, விளக்கு வெளிச்சம் என் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. வா என்று கையைக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். காட்டியிருந்தால் போயிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன்.

இவர் அத்தை பக்கம் திரும்பினார்.

"அவ தூங்கிட்டாம்மா" என்றார். "அசந்து தூங்குறா."

"தூங்கிட்டாளா?"

"ம்."

"பாவம், எழுப்பாத." அத்தை மூக்கை உறிஞ்சினார். பிறகு சொன்னார்: "லைட்ட அணைச்சிட்டு மாத்துடா."

அந்த அறையில் விளக்கு அணைந்தது. நான் முழங்கையை எடுத்துவிட்டுத் தலையைக் கீழே வைத்தேன்.